‘கோஹார்ட்’ = வருகையணி? குடியேறியோர் வருமான ஒப்பீட்டுக்கான கலைச்சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் பொருளியல் கலைச்சொல் பட்டியலில் ‘கோஹார்ட்’ (cohort, ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவர்களின் தொகுதி) என்பதற்கு நேரே ‘குழு’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கடுமையாக மறுக்கிறேன். குடியேறி வந்தவர்களின் வருமானத்தையும் முன்பே வேரூன்றியிருந்தவர்களின் வருமானத்தையும் ஒப்பிடும் ஆய்வுகளில் பெரும்பாலான குழப்பம் நுழைவது இந்த இடத்தில்தான். ‘குழு’ என்று போட்டால் மலையாளிகள் ஒரு குழு, தமிழர் ஒரு குழு, வங்காளிகள் ஒரு குழு என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். எந்த ஆண்டில் வந்தவர்கள் என்று கேட்கத் தோன்றாது. அந்தச் சொல்லின் உயிர் அந்த ஆண்டில்தான் இருக்கிறது.

நான் எழுதுவது கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். (ஆந்திரத்துச் சித்தூர் வேறு. இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியே இருப்பதால் முன்பு ஒருமுறை இங்கே குழப்பம் வந்தது.) ஆய்வறிக்கைகள் ‘கேரளத் தமிழர்’ என்று ஒரே வரியில் எழுதுகின்றன. அந்த வரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் தலைமுறை தலைமுறையாகத் தென்னையும் கடலையும் பயிரிடும் குடும்பங்கள், கல்பாத்தி அக்கிரகாரத்தார், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்து மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருபவர்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களுடைய வருமானத்தைக் கூட்டி வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண் யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது.

எங்கள் தெருவில் மாடி எழுப்பும் வேலை நடக்கிறது. மேஸ்திரி இளம் வயதில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்தவர். இன்று சென்ட்ரிங் பலகைகளும் கலவை இயந்திரமும் அவருக்குச் சொந்தம். சனிக்கிழமை மாலையில் கூலி கொடுப்பதற்கு ஒரு நீண்ட நோட்டு வைத்திருக்கிறார். ஆளின் பெயர், பக்கத்தில் ஊர், அதற்குப் பக்கத்தில் முன்பணம். அவர் பத்திரமாக வைத்திருக்கும் பழைய நோட்டுகளில் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் என்று ஊர்கள் வருகின்றன. இப்போதைய நோட்டில் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் வருகிறது, அசாம் ஊர்கள் வருகின்றன. நடுவில் சில பக்கங்களில் இரண்டும் கலந்திருக்கின்றன. கேரள அரசு இப்போது ‘அதிதி தொழிலாளி’ என்று அழைப்பது அந்தப் பிந்தைய பக்கத்து ஆட்களைத்தான்.

அவர்கள் வருவதற்கான காரணம் ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டிலேயே இருக்கிறது. 2021-22இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 837 ரூபாய், தமிழ்நாட்டில் 478, நாடு முழுவதற்கும் 373. சரி, அந்த நோட்டை வைத்துக்கொண்டு ‘தமிழர் மேஸ்திரி ஆகிவிட்டார்கள், வங்காளிகள் சித்தாளாகவே இருக்கிறார்கள்’ என்று ஒருவர் முடிவு கட்டினால் என்ன சொல்வீர்கள்? அவர் ஒப்பிடுவது இரண்டு இனங்களை அல்லவே. முப்பது ஆண்டுக்கு முன் வந்தவரையும் போன ஆண்டு வந்தவரையும் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசத்துக்கு இனத்தின் பெயரைச் சூட்டுகிறார்.

இதே சிக்கல் அமெரிக்காவில் பெரிய விவாதமாகவே நடந்தது. பொருளியலாளர் பாரி சிஸ்விக் 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 1978இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குடியேறிய ஆண்கள் வந்து இறங்கும்போது அங்கேயே பிறந்தவர்களைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாகச் சம்பாதிக்கிறார்கள், பதினைந்து ஆண்டுகளில் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள், முப்பது ஆண்டு கழிந்தால் 11 விழுக்காடு கூடுதலாகவே சம்பாதிக்கிறார்கள் என்பது அதன் முடிவு. 1985இல் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் ஒரு கேள்வி கேட்டார். சிறுவனாகக் கியூபாவிலிருந்து குடியேறியவர் அவர். 1970இன் கணக்கில் ‘வந்து இருபது ஆண்டு ஆனவர்’ என்றால் 1950இல் வந்தவர்; ‘புதிதாக வந்தவர்’ என்றால் 1969இல் வந்தவர். புதியவர் இருபது ஆண்டில் பழையவரைப் போல ஆவார் என்பதற்கு என்ன உறுதி? 1965இல் அந்நாடு குடியேற்றத்துக்கான நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது; அதன்பின் வருபவர்களின் தாயகமும் படிப்பும் தொழிலும் வேறாகிவிட்டன. 1970, 1980 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளையும் வைத்து, ஒரே காலத்தில் வந்தவர்களையே அவர் பின்தொடர்ந்து பார்த்தார். சிஸ்விக் கண்ட வேகம் அங்கே காணப்படவில்லை.

2014இல் அப்ரமிட்ஸ்கி, பூஸ்டான், எரிக்சன் ஆகிய பொருளியலாளர் மூவர் அமெரிக்காவின் 1900, 1910, 1920 கணக்கெடுப்புகளில் ஒரே மனிதர்களைப் பெயர் வாரியாகத் தேடி இணைத்தார்கள். நிலைத்துத் தங்கியவர்கள் தொடக்கத்திலேயே அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை. அதன்பின் உள்ளூராரின் வேகத்திலேயே முன்னேறினார்கள். ஒரே ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்தால் ‘எட்டிப்பிடிப்பு’ போலத் தெரிந்ததற்கு இரண்டு காரணங்கள். பின்னால் வந்தவர்கள் தாழ்ந்த வேலைகளில் சேர்ந்தவர்கள். குறைவாகச் சம்பாதித்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த இரண்டாவது காரணத்தை எங்கள் எல்லையில் யாரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். மேஸ்திரியோடு ஒன்றாக வந்து, சாரத்திலிருந்து விழுந்தோ முதுகு போயோ ஒட்டன்சத்திரத்துக்கே திரும்பிப் போனவர் கேரளத்துக் கணக்கு எதிலும் இல்லை. இங்கே நின்றவரை மட்டும் எண்ணிவிட்டு, வந்தவர்கள் எல்லாரும் முன்னேறினார்கள் என்று எழுதுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

வந்த ஆண்டு ஆய்வாளருக்கு மட்டும் தேவைப்படும் தகவல் என்றும் நினைக்க வேண்டாம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது 1950 ஆகஸ்ட் 10 அன்று. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதியின் பயனை அங்கே கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இடுக்கித் தோட்டங்களில் தலித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்ன? 1950க்கு முன்பே வந்துவிட்டோம் என்று காகிதத்தில் காட்ட முடிந்த குடும்பத்தின் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும். பிந்தி வந்தவர் பிள்ளைக்குக் கிடைக்காது. முந்தி வந்தும் காகிதம் இல்லாதவர் பிள்ளைக்கும் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்து லயம், ஒரே கொழுந்துக்கூடை, ஒரே கூலி. கல்லூரி இடமும் அரசு வேலையும் மட்டும் வேறு வேறு. வந்த ஆண்டைச் சட்டமே எண்ணுகிறது. நம் கலைச்சொல் அதை எண்ணாமல் விடலாமா?

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

கோஹார்ட்டுக்குக் கோவை நண்பர் ‘வரத்து’ என்றார். அழகான சொல். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் ‘இன்றைக்குத் தக்காளி வரத்து எப்படி’ என்றுதான் பேச்சே தொடங்கும். ஆனால் சரக்குக்கும் ஆற்று நீருக்கும் வழங்கும் சொல்லை மனிதருக்குப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையாளத்தில் ‘வரத்தன்’ என்றால் வெளியாள், ஒட்டாதவன். அந்தச் சொல்லைக் காதில் வாங்கியே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் பாடநூலில் அதன் நிழல் விழ வேண்டாம்.

சிங்கப்பூர் அன்பர் தந்த ‘வரவணி’ உருவத்தில் கச்சிதமானது. பொருளியல் நூலில் அதை வைத்தால் வரவு-செலவு என்னும் வரவாகப் படித்து, ‘வருமானப் பிரிவு’ என்று புரிந்துகொள்வார்கள். வருமானத்தைப் பற்றிய நூலிலேயே இந்த மயக்கம் வந்தால் மீள்வது கடினம்.

ஆகவே என் முன்மொழிவு ‘வருகையணி’. ‘1980–84 வருகையணி’ என்று எழுதலாம். ‘வருகையணி விளைவு’ என்று நீட்டலாம். பள்ளியின் வருகைப் பதிவேடு நினைவுக்கு வரும் என்று யாரேனும் சொல்லக்கூடும். வந்தவரைப் பதிந்துவைப்பது என்ற பொருளில் அது நமக்கு உதவவே செய்யும்.

‘இமிக்ரன்ட்’ என்பதற்கு இலங்கையில் குடிவரவு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடிநுழைவு, தமிழ்நாட்டில் குடியேற்றம் என்ற வழக்குகளை ஒட்டிச் சொற்கள் அமைந்துள்ளன. மூன்றும் இருக்கட்டும். ‘வந்தேறி’ மட்டும் பட்டியலில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது, அது வசைச்சொல். மறுபக்கம், முன்பே ஊன்றியவருக்கு ‘பூர்வகுடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இடுக்கியில் அதை வைத்துப் பாருங்கள். மலைவாழ் மக்களான முதுவர்கள் மதுரையிலிருந்து மலையேறியதாகத் தங்கள் மரபுக் கதையில் சொல்கிறார்கள். அதற்குப் பின் கங்காணிகள் கூட்டிவந்த தமிழ்த் தொழிலாளர்கள். அதற்கும் பின், 1950களில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தில் மலையாளி விவசாயிகள். மாநிலத்தின் பெரும்பான்மை மொழியார் அந்த மலையில் பிந்திய வருகையணி. ‘பூர்வ’ என்று யார் முன்னால் எழுதினாலும் சண்டை வரும், உண்மையும் கெடும். ‘நிலைகுடி’ போதும். ஒப்பிடும் காலத்துக்கு முன்பே அங்கே நிலைகொண்டவர் என்பதற்கு மேல் அது எதையும் உரிமை கொண்டாடாது.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

நகரியிலிருந்து மறுமொழி

ஐயா, வணக்கம்.

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ‘வருகையணி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘அணி’ என்றதும் கட்சி அணிகள் நினைவுக்கு வருவது உண்மைதான்; பழகினால் போய்விடும்.

என் வருத்தம் வேறு. உங்கள் ஏற்பாட்டில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர் யாரும் எங்கிருந்தும் வரவில்லை. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது நாங்கள் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனோம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, நாங்கள் திரும்பவில்லை. நகர்ந்தது கோடுதான். என் பெரியப்பா வீட்டு விசைத்தறி கிடக்கும் திண்ணை அப்போதும் அதே திண்ணை.

ஆனால் தாய்மொழியை மட்டும் பார்த்து அட்டவணை போடுகிறவர் ‘ஆந்திரத் தமிழர்’ என்று எங்களையும் திருப்பதிக்குப் பிழைக்க வந்த தமிழரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார். எங்கள் நெசவாளர் வருமானம் குறைந்தால் ‘குடியேறியோர் இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை’ என்று எழுதுவார். விசைத்தறிக்கு நூல் விலை ஏறியதும் தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்ததும் அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடும். எங்களுக்கு ஒரு தனிச் சொல் வேண்டும். கேட்பது உரிமையோடுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்பது முழுக்க நியாயம், எங்கள் வட்டத்துக்கும் பொருந்தும். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல் கேரளம் அமைந்தபோது இங்குள்ள தமிழ் விவசாயி தன் வரப்பைத் தாண்டாமலே கேரள மாநிலத்தவர் ஆனார். அவர் வீட்டில் ‘எப்போது வந்தீர்கள்’ என்று கேட்கும் கணக்கெடுப்பாளருக்கு என்ன பதில் சொல்வது?

அகராதியில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ‘எல்லை மாறிய குடி: இடம்பெயராமல் இருக்க, ஆட்சி எல்லை மாறியதால் வேறு மாநிலத்தின் அல்லது நாட்டின் மக்களானவர்கள், நிலைகுடியில் ஒரு வகை.’ நிலைகுடி என்ற தலைப்பின் கீழேயே வைப்பது முக்கியம். தனியாக விட்டால் நாளைக்கு யாராவது குடியேறியோர் பக்கம் நகர்த்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் அதன் குறிப்பில் எழுதவேண்டும். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிறந்த இடம், முன்பு வாழ்ந்த இடம், இங்கே வந்து எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகக் கேட்கிறது. தாய்மொழி வேறு கேள்வி. தாய்மொழிப் பட்டியலை மட்டும் எடுத்துக் குடியேற்றத்தைக் கணக்கிடுவது ஆய்வு ஆகாது. உங்கள் விசைத்தறிக் குடும்பம் அங்கேயே பிறந்தது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

வருகையணிக்கான விளக்கம்: ‘ஓர் இடத்துக்கு ஒரே ஆண்டிலோ அடுத்தடுத்த சில ஆண்டுகளிலோ வந்து சேர்ந்தவர்களின் தொகுதி, பின்னர் திரும்பிச் சென்றவர்களும் இதில் அடங்குவர்.’ இந்தக் கடைசிப் பகுதியை நீளம் கருதி யாரும் வெட்ட வேண்டாம்.

ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்கு ‘பிறப்பணி’ சரிவருமா என்று மக்கள்தொகையியல் படித்தவர்கள் சொல்லுங்கள். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிட்டால் திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடலாம்.