மேலத்தெரு குடும்பம்

மீனா (லண்டன்): நாளை நித்தின் பள்ளியில் விக்டோரியன் டே. விக்டோரியா மகாராணி காலத்துத் தொழிலாளி வேஷம் வேண்டும். அவசரம்.

கௌரி அத்தை: பாரதியார்?

பாபு: அத்தை, லண்டன் தொழிலாளி

கௌரி அத்தை: கோட் இருக்கிறதே என்று சொன்னேன்

சுந்தரம் பெரியப்பா: மீனா, புகைபோக்கி துடைக்கும் பையனாக எல்லோரும் வருவார்கள். அதை விடு. ஆளை எழுப்பிவிடுவதற்கே அங்கே ஒரு வேலை இருந்தது. விடியலில் ஆலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ஒருவர் நீளக் கழியோடு வந்து மாடி ஜன்னலைத் தட்டுவார். வாரத்துக்குச் சில பென்ஸ் கூலி. சிலர் குழாயில் பட்டாணி வைத்து ஜன்னலில் ஊதினார்கள்.

பாபு: பெரியப்பா இப்போதும் செய்கிறார். காலை 5 மணி குட்மார்னிங்

மீனா: கழியைப் பள்ளிக்குள் விடமாட்டார்கள் பெரியப்பா

சுந்தரம் பெரியப்பா: சரி, இது கேள். லண்டன் பெர்மண்ட்சியில் தோல் பதனிட நாய் மலம் தேவைப்பட்டது. ஏழைகள் தெருத்தெருவாகப் பொறுக்கி வாளிக் கணக்கில் விற்றார்கள். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1851 வாக்கில் விசாரித்து எழுதியிருக்கிறார், வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். காய்ந்து சுண்ணாம்பு போல இருந்தால் கூடுதல் விலை.

ரேவதி சித்தி: சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்

பாபு: தாத்தாவின் கறுப்புக் கோட் இருந்தால் எந்த வேஷத்துக்கும் பொருந்தும்

கௌரி அத்தை: பீரோவோடு எங்கே போனது என்று ரேவதியைக் கேள்

ரேவதி சித்தி: பீரோ பேச்சை இப்போது யார் எடுத்தது?

மீனா: நாளைக் காலைக்குள் கோட் கொரியரில் வராது. வேறு சொல்லுங்கள்

சுந்தரம் பெரியப்பா: எலி பிடிப்பவர். ஜாக் பிளாக் என்று ஒருவர், மகாராணிக்கே எலி பிடிப்பவன் என்று விளம்பரம் செய்துகொண்டார். சிவப்பு வெயிஸ்ட்கோட், தோளில் குறுக்கே பட்டை, பட்டையில் உலோக எலிகள். வித்தியாசமான நிறத்தில் எலி கிடைத்தால் வளர்த்துச் செல்லப்பிராணியாக விற்பார்.

கௌரி அத்தை: எலியைக் காசு கொடுத்தா?

ரேவதி சித்தி: எங்கள் மாடியில் இலவசம்

பாபு: அக்கா, அட்டையில் எலி வெட்டி ஒட்டு. இல்லையென்றால் சேற்றுப் பையன். தேம்ஸில் நீர் வடிந்ததும் கரையில் இறங்கி நிலக்கரி, ஆணி, கயிறு பொறுக்குவார்கள். கிழிந்த சட்டை போதும்

மீனா: நித்தின் எலிக்குத் துள்ளுகிறான். அவன் அப்பா கிழிந்த சட்டை என்கிறார்

ரேவதி சித்தி: மாப்பிள்ளைக்குச் செலவு மிச்சம்

கௌரி அத்தை: அண்ணா, வெள்ளிக்கிழமை அம்மா திதிக்கு எத்தனை பேர்? சமையல்காரர் கேட்கிறார்

சுந்தரம் பெரியப்பா: அப்புறம் சொல்கிறேன். மீனா, சாக்கடைக்குள் இறங்கிக் காசு தேடுகிறவர்கள் இருந்தார்கள், அதையும் கேள்

ரேவதி சித்தி: இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை