மறு: மரம் செதுக்கக் கொடுக்கும் சாம்பல்நிறப் படத்துக்கு என்ன பெயர்? என் பரிந்துரை: புடைப்புப்படம்

குழுவினருக்கு வணக்கம்.

தச்சர்களுக்காக எழுதிவரும் ஜிம்ப் (படம் திருத்தும் மென்பொருள்) கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஒரே ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருக்கிறது. கணினி ஓட்டும் சி.என்.சி. எந்திரத்தில் மரம் செதுக்கக் கொடுக்கும் படத்தில் வெள்ளை, கருப்பு, நடுவே சாம்பல், அவ்வளவுதான். வெள்ளை உள்ள இடத்தில் மரம் அப்படியே நிற்கும். கருப்பு உள்ள இடத்தில் பிட், அதாவது சுழன்று செதுக்கும் முனை, முழு ஆழத்துக்கு இறங்கும். இடையில் உள்ள ஒவ்வொரு சாம்பலும் ஒவ்வோர் உயரம். ஆங்கிலத்தில் ஹைட்மேப், டெப்த்மேப் என்று இரண்டு பெயரும் புழங்குகின்றன. பட்டறையில் கேட்டால் ‘கிரேஸ்கேல்’ (சாம்பல்நிறப் படம்) என்பார்கள். இதுவரை இங்கே வந்த பரிந்துரைகள் மூன்று: சாம்பல்படம், உயரப்படம், ஆழப்படம்.

> கிரேஸ்கேல் என்பதையே தமிழாக்கி சாம்பல்படம் என்று வைத்தால் எல்லாருக்கும் உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அதை நான் கண்ணால் பார்த்தேன். நான் டிசைன் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்றுக்கு, காலமான தன் அப்பாவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். தேக்குப் பலகையில் முகத்தைச் செதுக்கித் தரவேண்டும், பூஜை அறையில் வைக்கவேண்டும் என்றார். பட்டறைப் பையன் படத்தை ஜிம்பில் திறந்து, நிறத்தை நீக்கி, கிரேஸ்கேல் ஆக்கி அப்படியே எந்திரத்துக்கு அனுப்பிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. பெரியவரின் நெற்றியில் திருநீற்றுப் பட்டை மூன்று வரப்பாக எழுந்து நின்றது. நடுவில் குங்குமம் இருந்த இடம் குழி. வெள்ளை மீசை மூக்கைவிட முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு கண்மணியும் ஆணி அடித்துப் பிடுங்கிய துளைபோல உள்ளே போயிருந்தன. வந்தவர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

பையன் செய்த தவறு சொல்லில் தொடங்கியது. அவனிடம் ‘கிரேஸ்கேல் வேணும்’ என்றார்கள். அவன் கிரேஸ்கேல்தான் கொடுத்தான். புகைப்படத்தில் வெள்ளை என்பது வெளிச்சம். இங்கே வெள்ளை என்பது உயரம். இரண்டும் சாம்பல்நிறம்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. ஆகவே பெயர் நிறத்தைச் சொல்லக்கூடாது, நிறம் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். சாம்பல்படத்தை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இது ஒன்றே காரணம், எனக்கு இதுவே போதும்.

அப்புறம் உயரமா, ஆழமா? எந்திரத்தை ஓட்டுகிறவர் மரத்தின் மேற்பரப்பை 0 என்று வைத்துக்கொள்வார். அங்கிருந்து பிட் கீழே போகும் அளவெல்லாம் கழித்தல் குறியோடு வரும். அவருக்கு இது ஆழம். படம் வரைகிறவருக்கோ கருப்புத்தான் தரை, அதிலிருந்து உருவத்தை மேலே எழுப்புகிறார். அவருக்கு இது உயரம். ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து பார்க்கிறார்கள். ஒருவர் பக்கத்துப் பெயரை வைத்தால் இன்னொருவர் கருப்பையும் வெள்ளையையும் மாற்றிப் படித்துவிடுவார். இன்னொன்றும் உண்டு. கேமராவிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்று இருக்கிறது. கைபேசியில் முகத்தை விட்டுப் பின்னணியை மட்டும் மங்கலாக்குவது அதை வைத்துத்தான். ஆழப்படம் என்ற பெயர் அதற்கு நன்றாகப் பொருந்தும், அதற்கே விட்டுவைப்போம்.

எனவே ‘புடைப்புப்படம்’ என்று வைக்கலாம் என்கிறேன். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசைப் பார்த்த பள்ளிப் பிள்ளைக்கும் ‘புடைப்புச் சிற்பம்’ தெரியும். நம் எந்திரம் மரத்தில் எடுப்பதும் அதே புடைப்புச் சிற்பம்தான். அதற்கான படம் புடைப்புப்படம். மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்ற வழக்கே இதில் இல்லை. பலகையில் எழுந்து நிற்கும் உருவத்தை மட்டும் இந்தச் சொல் காட்டுகிறது. நரம்பு புடைத்தது, நெற்றி புடைத்தது என்று தினமும் சொல்கிறோம். கை வைத்தால் தட்டுப்படுவதுதான் புடைப்பு.

சிற்ப நூல்களின் பாகுபாடும் இங்கே ஒத்துவருகிறது. எல்லாப் பக்கமும் தெரியும் முழு உருவம் சித்திரம். பாதி எழுந்து பாதி பலகையோடு இருப்பது சித்திரார்த்தம். தட்டையாக வரைந்தது சித்திராபாசம். புடைப்புப்படம் என்பது சித்திராபாசத்தின் வடிவில் இருக்கும் சித்திரார்த்தம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெயர் சரியாக அமைந்தால் மென்பொருளில் உள்ள மற்றக் கருவிகளும் விளங்கத் தொடங்குகின்றன. ஜிம்பில் உள்ள காசியன் பிளரைப் புகைப்படக்காரர் ‘மங்கலாக்கு’ என்பார். புடைப்புப்படத்தில் எதுவும் மங்குவதில்லை, விளிம்பு உருள்கிறது. கஜலட்சுமியின் யானைக் காது பலகையிலிருந்து சுவர்போலச் செங்குத்தாக நிற்காமல் சரிந்து இறங்க, அதைத்தான் செய்கிறோம். உளி பிடித்தவர் இதற்கு ‘மழுக்கு’ என்பார். கையேட்டில் அந்த இடத்தில் நான் மழுக்கு என்றே எழுதப்போகிறேன். முனை உருண்டையான பிட் செங்குத்து விளிம்பின் அடி மூலைக்குள் எப்படியும் நுழையாது. முன்கூட்டியே மழுக்கிவிட்டால் வேலை சுத்தமாக வரும்.

கோப்பைச் சேமிப்பதிலும் இதே கதைதான். சாதாரண 8 பிட் படத்தில் (இந்தப் பிட் செதுக்கும் முனை அல்ல, கணினிக் கணக்கு) 256 சாம்பல்கள். 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கினால் ஒரு சாம்பலுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர். திரையில் இது கண்ணுக்கே தெரியாது. மரத்திலோ, கன்னம்போன்ற மெல்லிய சரிவில் படிக்கட்டு வரியாக விழும், பாலிஷ் போட்டதும் இன்னும் எடுப்பாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள் கிடைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஜிம்ப் 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து இதற்கு இடம் தருகிறது, பி.என்.ஜி. கோப்பாகச் சேமித்தால் படிகள் குறையாமல் இருக்கும். ஜே.பி.ஜி. வேண்டாம். அது படத்தைச் சுருக்கும்போது விடும் சின்னச் சின்னப் பிசிறையும் எந்திரம் மேடுபள்ளம் என்று நினைத்து ஒன்றுவிடாமல் செதுக்கிவைக்கும். ‘சாம்பல் குறைவு’ என்று எழுதினால் தச்சருக்கு ஒன்றும் புரியாது. ‘புடைப்புப் படிகள் 256 போதாது’ என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

> பகரம் அடுக்கடுக்காக வருகிறது, நாக்கு தடுக்கும். வினைத்தொகையாகப் ‘புடைபடம்’ என்று சுருக்கலாமே.

இதை நானும் இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவர்கள் பழக்கத்தில் நடுவே ஒற்றுப் போட்டுப் ‘புடைப்படம்’ ஆக்கிவிடுவார்கள். புடை என்றால் பக்கம் என்றும் பொருள் உண்டு, புடைசூழ வந்தார் என்கிறோமே. பக்கவாட்டுப் படம் என்று வாசிக்கவும் இடம் ஏற்பட்டுவிடும். நீளம் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. போன வாரம் பட்டறையில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பையனே போனில், “அண்ணே, வாசக்காலுக்குப் புடைப்பு ஃபைல் அனுப்புங்க” என்றான். எழுத்தில் புடைப்புப்படம், பேச்சில் புடைப்பு. சரி, அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கவேண்டும். கொழுக்கட்டை அச்சு செதுக்கக் கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் படத்தைத் தலைகீழாக்கி, வெள்ளையைக் கருப்பாகவும் கருப்பை வெள்ளையாகவும் மாற்றவேண்டும். எழவேண்டிய உருவம் மரத்தில் உள்வாங்கி நிற்கும், மாவில்தான் எழும். இதற்குக் ‘குழிவுப்படம்’ என்று எழுதியிருக்கிறேன். பெரியவரின் முகத்தை நானே புதிதாகப் புடைப்பெடுத்துக்கொண்டிருப்பதால் அத்தியாயத்தை முடிக்க இன்னும் பத்து நாள் ஆகும். மூக்கு முடிந்துவிட்டது, மீசையில் இருக்கிறேன். அதற்குள் குழிவுப்படத்துக்கு மாற்றுச்சொல் இருந்தால் எழுதுங்கள்.