வெப்வியூ: வலைக்காட்சியா, வலைப்பலகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வெப்வியூவுக்கு 'வலைக்காட்சி' போதுமே, எளிதாகத்தானே இருக்கிறது?

எளிதுதான். ஆனால் தொலைக்காட்சிக்குப் பழகிய காதில் அது இணையத்தில் ஓடும் நிகழ்ச்சியாகத்தான் விழும். நாம் சொல்ல வருவது, செயலியின் திரையில் ஓர் இடத்தைப் பிடித்து, அதற்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் உறுப்பு. ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது இயங்குதளத்தோடு ஒட்டாமல் தனியாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதைக் 'காட்சி' என்பது பொருந்தவில்லை.

'வலைச்சாளரம்' எனக்கும் பிடித்திருந்தது. சோதனை நிரல் எழுதும்போதுதான் இடறியது. உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் கருவியின் வழியில் விண்டோ மாற்றத் தனிக் கட்டளை இருக்கிறது, அதைச் 'சாளரம்' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். ஆகவே என் பரிந்துரை வலைப்பலகம்.

இதைவிட முக்கியம், கான்டெக்ஸ்ட். அதாவது, சோதனை நிரல் இப்போது செயலியின் சொந்தத் திரையோடு பேசுகிறதா, அதற்குள் இருக்கும் வலைப்பக்கத்தோடு பேசுகிறதா என்பது. கைபேசிச் செயலிகளைச் சோதிக்கும் கருவியான அப்பியத்தில் சோதனை தொடங்கும்போது செயலியின் சொந்தப் பொத்தான்கள் மட்டுமே அதன் கைக்கு எட்டும். பக்கத்தின் எச்டிஎம்எல் கூறுகளைத் தொட வேண்டுமானால் கான்டெக்ஸ்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பொத்தான் நம் கண்ணெதிரே இருக்கும், சோதனையோ அப்படி ஒன்று இல்லை என்று தோற்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். இங்கே 'சூழலை மாற்றவும்' என்று நான் ஒரு கையேட்டில் எழுதினேன். படித்தவர் சோதனைச் சூழலை, அதாவது எந்த வழங்கியில் சோதிக்கிறோம் என்பதை, சொல்கிறேன் என்று நினைத்து வழங்கியின் முகவரியை மாற்றிவிட்டார். தவறு அவருடையதல்ல, என் சொல்லுடையது.

அதனால் கான்டெக்ஸ்டுக்குப் 'புறம்' என்று வைக்கலாமா? செயலிப்புறம், வலைப்புறம். 'இப்போது வலைப்புறம் மாறு' என்றால் யாருக்கும் விளங்கும். 'ஐஓஎஸ் 16.4 முதல், ஆய்வு அனுமதியைச் செயலியின் நிரலில் திறக்காவிட்டால் வலைப்புறத்துக்குள் நுழைய முடியாது' என்று எழுதிப் பார்த்தேன், தடையில்லாமல் போகிறது.

அப்புறம் ஒன்று: 'தானியங்கிச் சோதனை' வேண்டாம். தானியங்கி என்றால் பொறி. அந்தப் பொறியைச் சோதிப்பதாகவும் பொருள் வரும். 'தானியங்கு இடைமுகச் சோதனை' சரி.

'புறம்' திசையை மட்டும்தான் குறிக்கும் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.