பரணில் அஸ்திச் சொம்பு, யாருடையது என்று தெரியவில்லை

கூறைநாட்டு மருமகள்:
மயிலாடுதுறையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை ஒத்திக்கு எடுத்து, போன வாரம்தான் பால் காய்ச்சினோம். நேற்று பரணை ஒழித்தபோது மரக்காலுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் சொம்பு. வாயில் மஞ்சள் துணி, மேலே சணல். பழைய புளியாக இருக்கும் என்று அவிழ்த்தேன். உள்ளே சாம்பல், சுண்ணாம்புக் கட்டி மாதிரி எலும்புத் துண்டுகள், கருத்துப்போன ஒரு ரூபாய்க் காசு.

மாமியார் திண்ணையை விட்டு நகரவில்லை. புண்ணியாகவாசனம் பண்ணாமல் உள்ளே வர மாட்டாராம். ஓனருக்குப் போன் போட்டால், "நான் வாங்கும்போதே கிடந்திருக்கும், ஆத்துல விட்டுடும்மா" என்கிறார். எந்த ஆற்றில்? இது சித்திரை, துலாக்கட்டத்தில் மணல்தான் கிடக்கிறது. மேட்டூர் திறப்பது ஜூன் 12, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. யார் வீட்டுப் பெரியவரோ, பெயர்கூடத் தெரியாமல் எப்படிக் கரைப்பது?

திருவெண்காட்டான்:
ஆற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் சகோதரி. பூம்புகார் பக்கம்தானே, காவிரி கடலில் சேரும் இடம். கடல் வற்றாது. மண் கலயத்துக்கு மாற்றிக் கரையுங்கள், துணியையும் சணலையும் தண்ணீரில் போடாதீர்கள்.

ஓய்வு பெற்ற எழுத்தர்:
அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் அஸ்தியை வீட்டுக்குள் வைக்கவே மாட்டோம், வெளியே மரத்தில் கட்டுவோம். பரணில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கொண்டுபோக நினைத்து வைத்ததாக இருக்கும். ஒத்தி எழுதும்போது வில்லங்கச் சான்று பார்த்திருப்பீர்களே? ஓனருக்கு விற்றவர் பெயர் அதில் இருக்கும். அப்புறம் தெருவில் வயதானவர்களைக் கேளுங்கள்.

குடந்தை சாஸ்திரி மகன்:
ஆள் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. தர்ப்பணத்தின் முடிவில் தாய், தகப்பன், சுற்றம் என்று யாருமே இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் விடுகிறோம். பெயர், கோத்திரம் கேட்பதில்லை.

கூறைநாட்டு மருமகள்:
எழுத்தர் ஐயாவுக்கு நன்றி. சான்றில் இருந்த பெயரைச் சொன்னதுமே பூக்கார அம்மா அடையாளம் சொல்லிவிட்டார். இளைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், பேசினேன். அப்பா தவறியது பங்குனியில், ஆறு காய்ந்த நேரம். தண்ணீர் வந்ததும் கரைக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் இவர் விமானம் ஏறிவிட, அண்ணன் கரைத்திருப்பார் என்று இவரும், தம்பி எடுத்துப் போயிருப்பான் என்று அண்ணனும் இருந்திருக்கிறார்கள். போனில் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு. அடுத்த மாதம் இரண்டு பேரும் வருகிறார்கள்.

அதுவரை சொம்பைக் கொல்லை முருங்கையில் கட்டலாம் என்கிறார் என் கணவர். மாமியார் கூடவே கூடாது என்கிறார்.

திருவெண்காட்டான்:
மாமியார் பக்கம்தான் நானும். பித்தளைச் சொம்பு கனத்துக்கு முருங்கைக் கிளை ஒடியும். வேம்பு இருக்கிறதா பாருங்கள்.