'ரெக்கார்டு' வேறு, 'லெகசி' வேறு: களக்கணக்கும் புகழெச்சமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

'ரெக்கார்டு', 'லெகசி' என்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பதுதான் இங்கே பேச்சு. குத்துச்சண்டை வீரர் முகமது அலி பற்றிய கட்டுரையில் ரெக்கார்டைச் 'சாதனை' ஆக்கி "அவரது சாதனை 56-5" என்று இருந்த வரிதான் இந்த இழையைத் தொடங்கிவைத்தது. படிக்கும்போதே இடறுகிறது. 5 தோல்விகளும் சாதனையில் சேர்ந்துவிட்டன! குத்துச்சண்டையில் ரெக்கார்டு என்பது வெற்றி, தோல்வி, சமன் என்ற வரிசையில் எழுதும் எண்ணிக்கை. லெனாக்ஸ் லூயிஸ் 41-2-1 என்றால் 41 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அதில் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. அதற்குரிய சொல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

> 'போட்டிப் பதிவு' என்று வைக்கலாமே?

ஐயா, 'போட்டிப் பதிவு தொடங்கியது' என்றால் பெயர் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். 'வெற்றி தோல்விப் பட்டியல்' பொருளில் சரி, ஆனால் ஒரே பத்தியில் நாலு முறை எழுத முடியாது.

என் பரிந்துரை 'களக்கணக்கு'. களக்கணக்கில், களக்கணக்கை என்று உருபுகள் தடங்கலின்றி ஏறும். கணக்கு என்றாலே வரவும் உண்டு, செலவும் உண்டு. நெல் அடிக்கும் களம் நினைவுக்கு வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. போர்க்களமும் ஆடுகளமும் அதே களம்தானே, இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும்.

'கணக்குத் தீர்ப்பது' ஏற்கெனவே நம் பேச்சில் இருப்பது இன்னொரு வசதி. அலியின் தோல்விகளை அடுக்கிப் பாருங்கள்: 1971இல் ஜோ ஃபிரேசியர், 1973இல் கென் நார்டன், 1978இல் லியோன் ஸ்பிங்க்ஸ், 1980இல் லாரி ஹோம்ஸ், 1981இல் டிரெவர் பெர்பிக். முதல் மூவரோடும் மறுபடி மோதிக் கணக்கைத் தீர்த்துவிட்டார். ஸ்பிங்க்ஸிடம் 7 மாதத்திலேயே. ஹோம்ஸிடம் தோற்றபோது அவருக்கு வயது 38. 10ஆம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்தினார். ஐந்தில் கடைசிச் சுற்றுவரை அலி நிற்காமல் முடிந்தது அது ஒன்றுதான். 56-5 என்ற எண்ணுக்குள் இதெல்லாம் தெரியாது.

ராக்கி மார்சியானோவின் 49-0 மாசற்ற களக்கணக்கு. ஆனால் 1952இல் ஜெர்சி ஜோ வால்காட் முதல் சுற்றிலேயே அவரைக் கீழே தள்ளினார். 13ஆம் சுற்றில் தன் வலக்கைக் குத்தால் வால்காட்டைச் சாய்க்கும்வரை மூன்று நடுவர்களின் தாளிலும் மார்சியானோ பின்தங்கித்தான் இருந்தார். கணக்கில் அதுவும் மற்ற 48ஐப் போல ஒரு வெற்றி.

அடுத்து லெகசி. 'மரபு' வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சாம்பியனை வீழ்த்தியவரே அடுத்த சாம்பியன் என்று கைமாறி வருகிற பட்டத்துக்கு 'மரபுவழி' தேவைப்படும். 1987இல் மூன்று குத்துச்சண்டை அமைப்புகளின் சாம்பியன் பட்டைகளும் மைக் டைசனிடம் இருந்தன, ஆனால் ஹோம்ஸை வென்ற மைக்கேல் ஸ்பிங்க்ஸ்தான் மரபுவழிச் சாம்பியன். 1988இல் 91 வினாடியில் அதுவும் டைசனிடம் வந்தது. அந்தச் சொல்லை அங்கே விட்டுவிடுவோம்.

லெகசிக்குக் குறளிலேயே சொல் இருக்கிறது: 'இசையென்னும் எச்சம்'. ஒருவர் போன பின்னும் எஞ்சி நிற்கும் புகழ். எச்சம் என்றால் இன்று பறவையின் எச்சம் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் நியாயமானது. ஆகவே 'புகழெச்சம்' என்கிறேன். புகழ் முன்னே நின்றால் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த இரண்டு சொல்லும் தனித்தனியே தேவை என்பதற்கு அலியைவிட நல்ல சான்று கிடைக்காது. 1967 மார்ச்சில் அவர் கணக்கு 29-0. அடுத்த மோதல் 1970 அக்டோபரில். இடையில் 25 வயதிலிருந்து 28 வரை, உடல் உச்சத்தில் இருந்த காலம், வெற்றிடம். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிபோயின. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது, போன ஆண்டுகள் போனவைதான். களக்கணக்கில் அவற்றுக்கு ஒரு கோடுகூட இல்லை. அவரைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் முதலில் சொல்வதோ அந்த ஆண்டுகளைத்தான்.

கட்டுரையின் வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: "அலியின் களக்கணக்கு 56-5, அதில் 37 நாக்அவுட், அவரது புகழெச்சத்தில் களம் இறங்காத மூன்றரை ஆண்டுகளுக்கும் பங்குண்டு." மறுப்பு இருப்பவர்கள் இதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்து எழுதுங்கள்.