19 நாள் வாத்துக்கறி டயட், நடுவுல மறுபடி பேதி. நிறுத்திடலாமா?

மணியோட அக்கா:
எங்க மணிக்கு நாலு வயசு, லேப்ரடார். எட்டு மாசமா வயிறு சரியில்லை. பத்து நாள் நல்லா இருப்பான், திடீர்னு ஒரு ராத்திரி மூணு தடவை கதவைப் பிறாண்டுவான். மலம் கூழ் மாதிரி இருக்கும், மேல சளி படிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்தா நிக்கும். மருந்தை நிறுத்தி ரெண்டு வாரம் ஆனா பழைய கதைதான். புழு, ஜியார்டியாங்கிற குடல் ஒட்டுண்ணி ரெண்டும் இல்லைன்னு பார்த்தாச்சு.

டாக்டர் எலிமினேஷன் டயட் சொன்னார், அதாவது இதுவரை தின்னாத உணவை மட்டும் கொடுத்து, பழைய சாப்பாடுதான் காரணமான்னு பார்க்கிறது. மணி இதுவரை வாத்துக்கறி சாப்பிட்டதே இல்லை. அதனால வேகவெச்ச வாத்துக்கறியும் உருளைக்கிழங்கும் மட்டும் கொடுக்கிறோம். முதல் பத்து நாள் மலம் நல்லா இறுகி வந்துச்சு. 11-ம் நாள் மறுபடி பேதி. இன்னிக்கு 19-ம் நாள், பரவாயில்லை. ஆனா எடை 31 கிலோவிலிருந்து 29 ஆயிடுச்சு. ரத்தத்துல அலர்ஜி டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்னு வீட்ல சொல்றாங்க. ராத்திரி அவன் வயிறு கடமுடன்னு உருளும்போது எனக்கும் தூக்கம் போயிடுது.

ரெண்டு நாய் வீடு:
அந்த டெஸ்டுக்குப் போகாதீங்க. ரத்தம், எச்சில், முடி எதை எடுத்துப் பார்த்தாலும் உணவு அலர்ஜியை நம்பிச் சொல்ல முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாத நாய்க்கும் அதுல 'பாசிட்டிவ்' வரும்.

பழைய பீகிள்:
நிறுத்தாதீங்க அக்கா. பத்து நாள் மலம் இறுகி வந்திருக்கு, அது சின்ன விஷயம் இல்லை. வயித்துக் கோளாறுக்கு இந்த டயட் ஒத்துவந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிடும். தோல் அரிப்புக்குத்தான் எட்டு வாரம் காத்திருக்கணும்.

நீங்க தேட வேண்டியது 10-ம் நாளும் 11-ம் நாளும் வாய்க்குள்ள என்ன போச்சுங்கறதை. எங்க பீகிளுக்கு இதே டயட்டை ரெண்டு தடவை ஆரம்பிச்சு ரெண்டு தடவையும் கைவிட்டோம். அப்பல்லாம் மாத்திரையைச் சீஸ்ல பொதிஞ்சு கொடுத்துட்டு இருந்தேன். விரல் நகம் அளவு சீஸ்தானேன்னு எழுதிக்கூட வைக்கலை. கடைசியில அவளுக்கு ஆகாதது பாலும் பால்ல செஞ்சதும்தான். அந்த நாலு மாசம் அவ பட்ட பாட்டை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு. நாய்கள்ல மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமைதான் அடிக்கடி மாட்டுறது. அதனால இதுல ஏதாவது ஒண்ணுதான்னு இப்பவே முடிவு கட்டாதீங்க.

ஒரு நோட்டு போடுங்க. பற்பசை, கடிக்கிற எலும்பு, சுவை சேர்த்த மாத்திரை, குழந்தை தட்டிலிருந்து விழுந்த பருக்கை, எல்லாத்தையும் எழுதுங்க. மலத்துக்கு 1 முதல் 7 வரை மார்க் போடுங்க: 1 கல்லு மாதிரி, 7 தண்ணி.

மெட்ரோனிடசோல் பத்தி டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க. பேதி நிக்கும், ஆனா பித்த அமிலத்தை மாத்திக் கொடுக்குற நல்ல பாக்டீரியாவும் அதுல அடிபடும். அது திரும்ப வளர வாரக்கணக்குல, சில நாய்க்கு மாசக்கணக்குல ஆகும். எங்க டாக்டர் அதை நிறுத்திட்டு, இசப்கோல் உமியைத் தண்ணியில ஊறவெச்சுக் கொஞ்சமா ஆரம்பிச்சுக் கூட்டச் சொன்னார். எங்களுக்குக் கை கொடுத்தது அதுதான்.

ரெண்டு கிலோ இறங்கினதுக்குச் சோறு பத்தாததும் காரணமா இருக்கலாம், எத்தனை கிராம் வைக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் எடுக்கிறதா இருந்தா பி12, கணையம் சரியா வேலை செய்யுதான்னு காட்டுற டிஎல்ஐ டெஸ்ட் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. குடல் ரொம்ப நாள் கெட்டிருந்தா பி12 உறிஞ்சப்படாது. அது குறைஞ்சிருக்கும்போது எந்த டயட் கொடுத்தாலும் உடம்பு தேறாது.

ரெண்டு நாய் வீடு:
கறியும் கிழங்கும் மட்டும்னா கால்சியம் கிடையாது. வளர்ந்த நாய்க்குச் சில வாரம் தாங்கும், மாசக்கணக்குல ஓடாது. நீள்றதா இருந்தா ஹைட்ரோலைஸ்டு உணவு கேளுங்க, புரதத்தை அலர்ஜி அடையாளம் கண்டுக்க முடியாத அளவுக்குப் பொடிச்சிருப்பாங்க.

மணியோட அக்கா:
காலண்டர் பார்த்தேன். 10-ம் நாள் உண்ணி மாத்திரை கொடுத்திருக்கோம், மென்னு தின்னுறது. அட்டையில பன்றி ஈரல் சுவைன்னு இருக்கு. மருந்துன்னு நினைச்சதால உணவுக் கணக்குல அது வரவே இல்லை.

பழைய பீகிள்:
அதுதான்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா சந்தேகப்பட வேண்டியதுதான். அடுத்த மாசம் தோல்ல விடுற சொட்டு மருந்து ஒத்துவருமான்னு கேளுங்க. அந்த மாத்திரை நாள்லேருந்து கணக்கைப் புதுசா ஆரம்பிங்க. மூணு வாரம் சுத்தமா இருந்தா, பழைய சாப்பாட்டையே திரும்பக் கொடுத்துப் பாருங்க. மனசு வராது, எனக்கும் வரலை. ஆனா அதைக் கொடுத்துப் பேதி திரும்பினாத்தான் காரணம் சாப்பாடுன்னு ஆகும். சில நாய்க்குச் சில மணி நேரத்துல தெரியும், சிலதுக்கு ரெண்டு வாரம் ஆகும். திரும்பின உடனே வாத்துக்கறிக்கு வந்துடுங்க. அப்புறம் கோழி தனியா, மாட்டிறைச்சி தனியா, ஒண்ணுக்கு ரெண்டு வாரம்.

மலத்துல ரத்தமோ, விடாத வாந்தியோ வந்தா இதையெல்லாம் தள்ளி வெச்சுட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

மணியோட அக்கா:
சரி. நாளைக்கு பி12-க்கு ரத்தம் கொடுக்கப் போறோம். இன்னிக்குக் காலைல மார்க் 3.