மண்டபம் தம்பி இப்போதே ஹாக்கி லீக் ஏலத்துக்குப் பெயர் கொடுக்கலாமா?

மண்டபம் மாமன்:
என் அக்கா மகனைப் பற்றிக் கேட்கிறேன். இங்கே பலருக்கு அவனைத் தெரியும். 18 வயது, லெஃப்ட் ஃபார்வர்டு, பிளஸ் டூ முடித்துவிட்டான். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவன் ஆடியதைப் பார்த்த வெளிமாநிலப் பயிற்சியாளர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் முகாமில் முழுநேரமும் தங்கிப் பழக வேண்டும், அடுத்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்துக்கு ஜூனியராகப் பெயர் கொடுக்க வேண்டும். படிப்பை அப்புறம் தபாலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னொரு பக்கம், கோவில்பட்டியில் விடுதியோடு கல்லூரி இடம் கிடைக்கும் போலிருக்கிறது. போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி ரைட் இன்:
அண்ணே, வருத்தப்படக் கூடாது. இன்னும் இரண்டு வருடமாவது ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த மதுரை மேட்சை நானும் பார்த்தேன். அவன் போட்ட இரண்டு கோலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நான் கவனித்தது வேறு. முதல் குவார்ட்டரில் இடது பக்கம் 25 கெஜக் கோட்டுக்கு அருகே அவனுக்கு அருமையான பாஸ் ஒன்று வந்தது. ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்தபடியே வாங்கினான். பந்து ஸ்டிக்கில் பட்டு மூன்றடி தள்ளி ஓடியது, டிஃபெண்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே மாதிரி மறுபடியும் போனது. நம் ஊர்ச் சரளை மண்ணில் பந்து எந்த உயரத்தில் துள்ளும் என்று தெரியாது, அதனால் இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பிடிப்பார்கள். தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், பந்து தரையோடு ஒட்டி, வேகம் குறையாமல் வரும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் சாய்த்து வாங்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் புரிந்துவிடும், கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

எதிரணி தவறு செய்து ஃப்ரீ ஹிட் கிடைத்தாலும் பந்தை வைத்துவிட்டு, யாராவது வரட்டும் என்று நிற்கிறான். தனக்குத் தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்ற விதி 2009-லேயே வந்துவிட்டது. எதிரணிப் பையன்கள் விசில் ஓய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

கீழக்கரை சென்டர் ஹாஃப்:
தம்பி, நீ சொன்ன குறை அத்தனையும் உண்மை. சரி, அதைத் திருத்த அவன் எங்கே போக வேண்டும்? தினமும் டர்ஃபில், தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடும் இடத்துக்குத்தானே! ஊரிலேயே இருந்துகொண்டு தயாராகிவிட்டுப் போ என்றால் எப்படித் தயாராவான்?

மன்தீப் சிங் 2013-ல் முதல் லீக்கில் ராஞ்சி அணிக்கு ஆடியபோது அவருக்கும் 18 வயதுதான். அதே வருடம் இந்திய அணிக்கு வந்துவிட்டார். 2024-ல் லீக்கை மறுபடி ஆரம்பித்தபோதும் ஒவ்வொரு ஆண்கள் அணியிலும் 24 பேர், அதில் நான்கு பேர் ஜூனியராக இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். நம் பையனுக்கு அந்த வாசல் 21 வயது வரைதான். அதில் இரண்டு வருடத்தை வீணாக்கச் சொல்கிறாயா?

தொண்டி ரைட் இன்:
கீழக்கரை அண்ணே, மன்தீப் எந்த ஊர்க்காரர்? ஜலந்தரை ஒட்டிய மிட்டாப்பூர். இந்திய அணித் தலைவர்களாக இருந்த பர்கத் சிங்கும் மன்பிரீத்தும் அதே ஊர்தான். 18 வயதில் அவர் லீக்குக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் எத்தனை வருட டர்ஃப் ஆட்டம் இருந்திருக்கும்! நம் பையன் டர்ஃபில் ஆடியது ஏதாவது போட்டிக்குப் போனபோது மட்டும்தான். வயது ஒன்று என்பதற்காக இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அந்த ஜூனியர் இடங்களையும் நன்றாகப் பாருங்கள். அணியில் ஒருவனாக இருப்பது வேறு, களத்தில் இறங்குவது வேறு. வெளிநாட்டுக்காரர்கள், நாட்டுக்கு ஆடும் மூத்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது இவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஆட வேண்டிய வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வீண்.

அப்புறம் லீக் என்றதும் வருடம் முழுக்கச் சம்பளம் என்று வீட்டில் நினைத்துவிடப் போகிறார்கள். 2024 டிசம்பர் 28-ல் ரூர்கேலாவில் ஆரம்பித்த ஆண்கள் லீக் 2025 பிப்ரவரி 1-ல் முடிந்துவிட்டது. ஐந்து வாரம்! அதற்கு முன்னால் 2017-க்குப் பிறகு லீக்கே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் 18 வயதுப் பையன்கள் 25-ஐத் தொட்டுவிட்டார்கள். இங்கே ஹாக்கி ஆடிப் பிழைப்பது என்றால் இன்றைக்கும் ரயில்வே, சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், இந்தியன் பேங்க், இந்தியன் ஆயில் மாதிரி அணிகளில் வேலையோடு ஆடுவதுதான். லீக் அதற்கு மேலே கிடைப்பது.

பாம்பன் நாட்டுப்படகு:
நான் ஹாக்கி ஆடியவன் இல்லை, அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவன். ஐந்து வாரம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். 2024 ஏலத்தில் ஆரம்ப விலையே 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று இருந்தது. கடைசிப் படியான 2 லட்சமே அவன் வீட்டுக்கு என்ன பணம் என்று யோசித்தீர்களா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவன் அப்பா கூலிக்குத்தான் படகேறுகிறார். தடை முடிந்து போனாலும், போன படகு திரும்பி வருமா, இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமா என்று வாசலில் நிற்கிற வீடு அது. மூன்று வருடம் படி, அப்புறம் வேலைக்கு மனுப்போடு, அப்புறம் காத்திரு என்று அந்த வீட்டில் போய் யார் சொல்வது?

தொண்டி ரைட் இன்:
அண்ணே, அந்த வீட்டுக் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2 லட்சம் என்பது ஏலத்தில் யாராவது எடுத்தால் வருகிற பணம். அப்போது இந்திய அணித் தலைவராக இருந்த ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனார் என்று எல்லா ஊரிலும் பேசினார்கள். அதே ஏலத்தில் யாரும் கை தூக்காமல் போன பெயர்களும் உண்டு. யாரும் எடுக்கவில்லை என்றால் அவனுக்குக் கல்லூரியும் இல்லை, லீக்கும் இல்லை.

சாயல்குடி பி.டி. டீச்சர்:
இவனை எட்டாம் வகுப்பிலிருந்து மண்டலப் போட்டிகளில் பார்த்து வருகிறேன். திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவன் ஸ்டிக்கை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். வளைவின் அடிப்பக்கம் முழுக்கச் சரளை தின்று, நார் தெரிகிறது, அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் அடித்து கோல் போடுகிறான் என்றால் அது லேசான கை இல்லை.

எனக்குக் கவலை உடம்பு. இப்போது ஃபார்வர்டு என்றால் கோல் போடுவது பாதி வேலைதான். பந்து எதிரணியிடம் போனதும் முதலில் மறிக்க வேண்டியவர் அவர்தான். எந்தப் பக்கம் பாஸ் போகக் கூடாது என்று பார்த்து, ஸ்டிக்கைத் தாழ்த்தி, அந்த வழியை அடைத்துக்கொண்டே ஓட வேண்டும். சில நிமிடம் முழு வேகம், பிறகு வெளியே வந்து மூச்சு வாங்கி மறுபடி உள்ளே. 15 நிமிடமாக நான்கு குவார்ட்டரும் இப்படியே போகும். மதுரையில் கடைசிக் குவார்ட்டரில் இவன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். களைத்த காலோடு பின்னாலிருந்து பந்தைப் பறிக்கப் போய் பச்சை அட்டை வாங்கினான். இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு ஆடினார்கள், அந்த நேரத்தில்தான் எதிரணிக்கு கோல் வாய்ப்பாகப் பெனால்டி கார்னர் விழுந்தது. வேகமாக ஓடுகிறான், ஆனால் தொடையில் சதை ஏறவில்லை. இந்த உடம்போடு தினம் இரண்டு வேளை பெரியவர்கள் பயிற்சியில் விட்டால் தொடைத் தசை இழுத்துக்கொள்ளும். அப்படி ஆறு மாதம் படுத்துவிட்டு, திரும்பி மைதானத்துக்கே வராத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து, தங்கிப் பழகி வளர்ந்தவர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். மூன்று வேளைச் சாப்பாடு, டர்ஃப், கூடவே படிப்பு. பக்கத்திலேயே அது இருக்கும்போது ஏன் அவசரம்?

கீழக்கரை சென்டர் ஹாஃப்:
டீச்சர், கோவில்பட்டியை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஆசியக் கோப்பைக்குப் போன இரண்டு பேரைச் சொல்கிறீர்கள். அதே விடுதியில் அதே சாப்பாடு சாப்பிட்டு, எங்கேயும் கூப்பிடப்படாமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நம் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளையை வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் தேடி வந்து கூப்பிடுவது அடிக்கடி நடக்கிறதா? 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, இந்தியா வெண்கலம் வாங்கியது. ஹாக்கி மேல் இப்போதுதான் எல்லோர் கண்ணும் திரும்பியிருக்கிறது. இந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து நாமாகப் போய்க் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? உடம்பைத் தேற்ற அந்த முகாமிலும் ஆள் வைத்திருப்பார்கள்.

சாயல்குடி பி.டி. டீச்சர்:
வைத்திருப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஏலத்தில் யாரும் எடுக்காவிட்டால் முகாமில் வைத்திருப்பார்களா, ரயிலேற்றி அனுப்பிவிடுவார்களா? ஆடுவதற்கு அங்கே என்னென்ன போட்டிகள் இருக்கின்றன? வாய்வார்த்தை போதாது, தாளில் வேண்டும்.

தொண்டி ரைட் இன்:
தாளில் எழுதிக் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பந்து வாங்கும் கையே இன்னும் மாறவில்லை. இந்தக் கையோடு போனால் முதல் வாரத்திலேயே 'இவன் ஆக மாட்டான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பேச்சு ஒரு முகாமோடு நிற்காது, மற்ற அணிகளுக்கும் போகும். கை தேறிய பிறகு போனால் அவனே நாலு பேரில் ஒருவனாக நிற்பான்.

பாம்பன் நாட்டுப்படகு:
டீச்சர் கேட்டதற்கு எழுத்தில் பதில் வந்தால் அனுப்பலாம், வராவிட்டால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் கோவில்பட்டிதான் என்று முடிவானால், தடைக்காலத்தில் அந்த வீட்டுக்கு என்ன வழி என்று யாராவது வாய் திறக்க வேண்டும்.

மண்டபம் மாமன்:
அந்தப் பொறுப்பு என்னுடையது, மாப்ள. என் அக்கா வீடு. பையனிடம் கேட்டேன், 'போறேன் மாமா' என்ற ஒரே பேச்சுதான். அதனால் நானும் அவன் பக்கமே சாய்கிறேன். ஆனாலும் டீச்சரின் கேள்விகளைத் தாளில் எழுதி இன்றே முகாமுக்கு அனுப்புகிறேன். பதில் வரும்வரை கல்லூரி விண்ணப்பத்தை நிறுத்தப் போவதில்லை.

தொண்டித் தம்பி, உனக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை பையனை மதுரைக்குக் கூட்டி வருகிறேன். அந்த 25 கெஜக் கோட்டில் நிற்க வைத்து, கை வலிக்கும் வரை அவனுக்குப் பந்து அடி.

கீழக்கரை சென்டர் ஹாஃப்:
ஸ்டிக் வாங்க நான் பணம் அனுப்புகிறேன். எங்கே ஆடினாலும் அந்த டியூப் ஒட்டிய ஸ்டிக்கோடு அவன் டர்ஃபில் இறங்கக் கூடாது. மற்றபடி என் கருத்து மாறவில்லை. இந்த வருடமே பெயர் கொடுக்கட்டும்.